லீமா நகரத்து நெற்றிக்கண்

1964ஆம் வருடம் ஆடி மாதம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மன் ஒரு வெள்ளிக் காசில் எழுந்தருளினாள். வேப்பமரத்திலும் சுவரிலும் வந்து வந்து அவளுக்கே அலுத்துவிட்டது போலும். நெல்லிக்குப்பத்திலிருந்து மாட்டுவண்டியிலும் சிதம்பரத்திலிருந்து ரயிலிலும் ஜனம் வந்து குவிந்தது. பந்தலுக்கு வெளியே செருப்பே ஆள் உயரத்துக்குக் கிடந்தது.

காசுக்குச் சொந்தக்காரர் சிங்காரச் சாமியார். போன வருடம்வரை சிதம்பரத்தில் பழைய வெள்ளி வாங்கி உருக்கிக்கொண்டிருந்தவர். உருக்கப் போன காசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் கோல், பக்கத்தில் கேடயம், நெற்றியில் கடுகளவு மேடு. அது நெற்றிக்கண்ணாம். ஆடி வெள்ளியன்று தானாகத் திறந்ததாம். சுற்றியிருந்த எழுத்து தேவபாஷையாம். சாமியாருக்குத் தமிழே தகராறு, ஆகவே அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"பதினாலு லோகத்துலயும் இது ஒண்ணுதான். கண்ணக் கட்டி வுட்டாலும் என் ஆத்தாளத் தொட்டுச் சொல்லிடுவேன்" என்பார்.

சௌந்தரத்தின் புருஷன் கோவிந்தசாமி கரும்பு வண்டிக்காரர். வண்டிச் சக்கரம் அவர் பாதத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். ஊசி பட்டால் நெற்றிக்கண் மூடும், ஆள் பிழைக்க மாட்டான் என்றார் சாமியார். நாற்பத்தெட்டு நாள் பந்தலிலேயே படுக்க வைத்து, மஞ்சளில் காசை நனைத்துப் புண்ணில் தேய்க்க வேண்டுமாம். பதினெட்டாம் நாள் கால் பலாப்பழமாக வீங்கி, விரல்கள் கறுத்துவிட்டன. சௌந்தரம் பயந்துபோனாள்.

அன்றைக்குத்தான் சிநேகிதர் கோவிந்தசாமியைப் பார்க்க நூர்முகம்மது பந்தலுக்கு வந்தார். முதுநகரில் கடிகாரம் பழுது பார்ப்பவர். துறைமுகத்துக் கப்பல்காரர்களிடம் தென் அமெரிக்க வெள்ளிக் காசுகளை வாங்கிச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். நல்ல காசைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். பழுதான காசு கொடுத்தால் டீ வாங்கித் தருவார்.

புண்ணில் தேய்த்த காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், சிநேகிதனுடைய காலையே ஒரு கணம் மறந்துவிட்டார்.

"இதே கண்ணு எங்கிட்ட ஏழு இருக்கே."

"இன்னா பாய் சொல்றீங்க?" என்றாள் சௌந்தரம்.

"தங்கச்சி, இது பெரு நாட்டுக் காசு. லீமான்னு ஒரு ஊருல அடிச்சது. அடிக்கிற இரும்பு அச்சுல துளி பேந்துபோச்சு. அந்தக் குழியில வெள்ளி பூந்து மேடா நிக்குது. அந்த அச்சுல அப்புறம் அடிச்ச அத்தனை காசுக்கும் நெத்திக்கண்ணுதான்."

"ஊசி போட்டா செத்துடுவாருன்னாங்களே பாய்."

"போடலன்னாதாம்மா பயம்."

"நான் கூப்ட்டா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாரு. அவுரு கண்ணால பாக்கணும்."

மறுநாள் காலையே நூர்முகம்மது தகர டப்பாவோடு வந்து, ஏழு காசையும் பந்தலில் பரப்பினார். ஏழிலும் நெற்றிக்கண். கூட்டம் வெட்கப்படும் என்று நினைத்தார், பாவம். பந்தல் தலைவர் சுப்பராயலு கைகூப்பி, "கன்னிமாரு ஏழு பேரும் வந்துட்டாங்க" என்று கற்பூரம் ஏற்றினார்.

போட்டிக் கடை வந்ததும் சாமியாருக்கு வியர்த்தது. "அதெல்லாம் வெறும் காசு. சக்தி என்னுதுல மட்டுந்தான்."

"அப்ப எட்டையும் ஒண்ணாக் கலப்போம். உங்க ஆத்தாளத் தொட்டு எடுங்க" என்றார் நூர்முகம்மது.

சாமியாரால் பின்வாங்க முடியவில்லை. "நான் கலக்குறேன் சாமி" என்று சௌந்தரம் எட்டுக் காசையும் ஒரு தட்டில் வாங்கினாள். திரும்பி நின்று கலக்கி, பெண்ணுருவம் மேலே தெரியும்படி வைத்தாள். சாமியார் கண்ணை மூடினார். உடம்பு உதறியது, நாக்கு வெளியே வந்தது. அருள் வந்தவர் தட்டில் எத்தனை காசு என்று எண்ணுவாரா? ஒன்றை வெடுக்கென்று எடுத்தார்.

"இதோ என் ஆத்தா."

"பின்னால திருப்புங்க" என்றார் நூர்முகம்மது.

பின்பக்கத்தில் நீல மையில் 4 என்று இருந்தது. தன் காசுக்கெல்லாம் நம்பர் போட்டு வைப்பது அவர் வழக்கம்.

"சோதனை பண்ணா ஆத்தா எடம் மாறுவா" என்றார் சாமியார்.

சௌந்தரம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நம்பர் இல்லாத காசு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

"உங்க ஆத்தா தட்டுலயே இல்ல சாமி. எட்டுல ஒண்ணு குருட்டாம்போக்குல அம்புட்டுடுமேன்னு நான் எடுத்து முடிஞ்சிகிட்டேன். நீங்க இன்னாத்தத் தொட்டு ஆடினீங்க?"

கூட்டத்தில் யாரோ உடைக்காத தேங்காயைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தச் சந்தடியில் சாமியார் யாருடைய செருப்பிலோ காலை நுழைத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்துவிட்டார்.

கோவிந்தசாமி மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தார். வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. கால் பிழைத்தது. இரண்டு விரல்களை டாக்டர் எடுத்துவிட்டார். முன்பே வந்திருந்தால் அவையும் தப்பியிருக்கும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சுப்பராயலு ஒரு மாலையோடு கடிகாரக் கடைக்கு வந்தார். "நாலாம் நம்பர் ஆத்தாளுக்கு, பாய்."

எங்கோ லீமாவில் ஓர் இரும்பு அச்சு பேர்ந்ததற்குக் கடலூரில் ஒரு மனிதனின் விரல்கள் போயின. காசைத் தேய்த்தது போதும், சாமிகளே. மூளையைக் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள், அது ஒன்றுதான் நம்மூரில் தேயாமல் கிடக்கிறது.