பெர்ட்ரமின் முதல் அடியும் என் இடுப்பும்

கோல்டிங்கில் வாழும் மதிப்புக்குரிய என் அக்கா இங்கெலிஸுக்கு, ஆல்போர்க்கிலிருந்து தம்பி அஸ்கர் எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? இங்கே சிக்னே சுகம், பிள்ளைகள் இரண்டும் சுகம், என் இடுப்பு மட்டும் சுகமில்லை. சிரிக்காமல் படி.

மூத்தவள் வில்மா பிறந்த காலத்தில் நான் நடுக்கடலில் காற்றாலை உச்சியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பல் முளைத்தது, அவள் முதல் அடி வைத்தது, முதன்முதலாக 'அப்பா' என்று கூப்பிட்டது (அதுவும் தபால்காரரைப் பார்த்து!) எல்லாமே எனக்குப் போனில் வந்த கதைகள்தான். அதனால்தான் இந்தத் தடவை பிள்ளை வளர்க்க விடுப்பு எடுத்தேன். சின்னவன் பெர்ட்ரமின் முதல் அடியை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குத் திரும்புவேன் என்று சபதம். விடுப்போ திங்கட்கிழமையோடு முடிகிறது. பயல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், என்னைப் பார்த்து இளிப்பான், பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். சரியான கல்லுளிமங்கன்! நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தேன் அக்கா, வேறென்ன சொல்ல? "அவன் நடக்கிறதுக்குள்ள உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், போய் சோபாவுல கொஞ்சம் படு" என்று சிக்னே மதியமானால் என்னை விரட்டுவாள். நானும் படுப்பேன், என்ன செய்ய, உடம்புதானே.

இப்படியிருக்க, சனிக்கிழமை வில்மா வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் சூப்பானுக்கு விடைகொடுக்கும் விழா. மூன்று வயதாகிவிட்டதே! கேக், கொடிகள், ரிப்பன் கட்டிய சூப்பான்கள், ஏணி சகிதம் பூங்காவின் சூப்பான் மரத்துக்குப் போனோம். ஊர்ப் பிள்ளைகள் கைவிட்ட சூப்பான்கள் கீழ்க்கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. மகாராணிக்கு அது போதாதாம். "என்னோடது உச்சில தொங்கணும். நீதான் உசரத்துல வேலை பாக்குற அப்பாவாச்சே?" என்றாள். ஏறினேன். கை கிளையில், கண் பெர்ட்ரம் மேல். தள்ளுவண்டியைப் பிடித்து நின்றவன் சட்டென்று ஒரு காலைத் தூக்கினான்! "நில்லுடா! அப்பா வந்துடறேன்!" என்று திரும்பினேனா, ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுக்கடலில் வழுக்காத கால், அக்கா! சிக்னே ஓடி வந்து முதலில் கேக்கை நகர்த்தினாள், அப்புறம்தான் என்னை.

தூக்கிய காலைப் பயல் இறக்கிவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இடுப்புக்குப் பாதி, திங்கட்கிழமைக்குப் பாதி. காலையிலிருந்து ஒரு சூப்பானை மட்டும் தரமாட்டேன் என்று சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த வில்மா, அதை எடுத்தாள். "அழாத அப்பா. இந்தா, சப்பு, சரியாப் போயிடும்" என்று என் வாயில் திணித்தாள். பூங்காவே வேடிக்கை பார்க்கிறது. பெர்ட்ரமும் பார்த்தான். விடுவானா? வண்டியை விட்டுவிட்டு ஓரடி, இன்னோரடி, தத்தித் தத்தி என்மேல் விழுந்து சூப்பானைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான். நடந்துட்டான் அக்கா! என்னைப் பாத்து நடந்து வந்துட்டான்! நான் போட்ட கூச்சலில் வாத்தெல்லாம் குளத்தைவிட்டுப் பறந்தது. சிக்னேயோ அசையாமல் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள், கல்நெஞ்சக்காரி. அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேனே, நீதான் "அய்யய்யோ, நடந்துட்டானா!" என்று அலறினாய். ரத்த பாசம் என்பது அதுதான்.

அத்தானுக்கு என் அன்பு, உங்கள் நாய்க்கு முதுகில் ஒரு செல்லத் தட்டு. பிள்ளைகள் உனக்கு எச்சிலோடு முத்தம் அனுப்புகிறார்கள். நீ நீடூழி வாழ்க.

உன் தம்பி,
அஸ்கர்

பின்குறிப்பு: இதை வில்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பொய்! தம்பி சமையக்கட்டுல தினம் நடக்குறானே, நீ சோபாவுல கொர்ர்னு தூங்கறப்போ. அத்தைகூட போன்ல பாத்தாங்க. அப்பா பாக்குறதுதான் முதல் அடி, யாரும் மூச்சுவிடக்கூடாதுன்னு அத்தைதான் சொன்னாங்க" என்கிறாள். அடி கள்ளி அக்கா! போனில் நீ போட்ட அந்த அலறலும் நடிப்பா? கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மனசு வரவில்லை. நீ சொன்னபடியே இருக்கட்டும், அதுதான் முதல் அடி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பயல் இதற்குள் 'அப்பா' என்றும் சொல்லியிருந்தால், தயவுசெய்து யாரும் என்னிடம் உளறாதீர்கள். நான் அடுத்த விடுப்பில் கேட்டுக்கொள்கிறேன்.