டோக்கன் மாமா விசா வாங்கிய கதை

டோக்கன் மாமாவைப் போன்ற கறார்ப் பேர்வழி உலகத்தில் எந்த நாட்டு எல்லையிலும் கிடையாது. சும்மா சொல்லவில்லை, ஒரு நாட்டின் எல்லையோடு அவரை மோதவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். என்றைக்காவது நானும் அங்கே விசா கேட்டு நிற்க வேண்டி வரலாம்.

கோலார் தங்கவயலில், சுரங்க வாசலில் அவருக்கு வேலை. அங்கே ஒரு பெரிய பலகை. பலகை முழுக்க ஆணி. ஆணிக்கு ஒன்றாக எண் போட்ட பித்தளை டோக்கன். கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒரு மனிதன் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பலகைக்குக் காவல் இருந்து இருந்து, மனிதருக்குப் பெயரே டோக்கன் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ரிட்டயர் ஆன அன்று ஊரார் போட்ட மாலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நந்திதுர்க் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் அவர் வீட்டு வாசலில் அது ஏறியது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். காஸ் சிலிண்டர்காரருக்கும் அதே சட்டம்தான்.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டில் இடம் போதாமல் அவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆளுக்கொரு டோக்கன். "இது இன்னா ஓட்டலா?" என்று மாப்பிள்ளையின் அத்தை அப்போதே முகத்தைச் சுளித்தாள். கிளம்பும் நேரத்தில் பலகையில் ஓர் ஆணி காலி. மாமா கதவை அடைத்து நின்றுகொண்டார்.

"யாரும் வாசலத் தாண்டாதீங்க. ஒரு ஆள் இன்னும் கீழ கீறான்."

"மாமா, எல்லாரும் இங்கதான நிக்கிறாங்க!" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆள் நிக்கிறது கணக்கில்லப்பா. டோக்கன் வரணும்."

வீட்டையே புரட்டினோம். கடைசியில் அது அத்தையின் வெற்றிலைப் பையில் பாக்கோடு பாக்காகக் கிடைத்தது. ஆனால் தேடிய நேரத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிப் பேசி நெருங்கிவிட்டார்கள். அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டோம். தங்கை இன்றைக்கும் அந்த அத்தையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் பெர்னி. ஆங்கிலோ இந்தியர், கேஜை ஏற்றி இறக்கும் இஞ்சினை ஓட்டியவர். இஞ்சின் ரூம் எட்ட இருந்ததால் வேலை நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மாமா மணி அடிப்பார், பெர்னி இஞ்சினை இழுப்பார். அந்த மணியிலேயே வளர்ந்த சிநேகம் அது. பெர்னியின் மகள் ரீட்டா மாமாவின் தோளில் வளர்ந்தவள். மாமி குழந்தையில்லாமலே போய்ச் சேர்ந்த பிறகு, மாமா வீட்டுக்குள் டோக்கன் எடுக்காமல் ஓடிவர உரிமை பெற்ற ஒரே ஜீவன் அவள்தான். அப்புறம் பெர்னி குடும்பத்தோடு அந்தப் பெயர் சொல்லாத நாட்டுக்குப் போய்விட்டார்.

ரீட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெர்னி விமான டிக்கெட்டே அனுப்பிவிட்டார். விசா மட்டும்தான் பாக்கி. இங்கிலீஷ் தெரிந்த அண்டை வீட்டுக்காரன் என்ற பாவத்துக்காக நான் அவரோடு பங்காருப்பேட்டையில் சென்னை ரயில் ஏறினேன்.

தூதரக வாசலில் காவலாளி அவரைத் தடவிச் சோதித்தான். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா தேடுற நீ? காலர் மடிப்பப் பாக்கல. பெல்ட்டுப் பக்கம் போவவே இல்ல. இப்பிடிப் பாத்தா தங்கம் மொத்தமும் வெளிய போயிடும்."

இரண்டாவது தடவை தன்னை முழுசாகச் சோதிக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி, நிலம் உண்டா, மனைவி உண்டா, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாமா மலர்ந்த முகத்தோடு, "ஒண்ணுங் கெடயாதும்மா" என்று கையை விரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. விசா இல்லை என்று பாஸ்போர்ட் திரும்பி வந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரோ வெளியே வந்து இளநீர் குடித்தபடி, "நல்ல ஸ்டிரிக்டான பொம்பள. அந்த எடத்துல நான் இருந்தா நானும் என்ன உட்டிருக்க மாட்டேன்" என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமிதம் ரீட்டாவின் போன் வரும்வரைதான். எஸ்.டி.டி. பூத்தில் நானும் பக்கத்தில் நின்றேன்.

"அங்கிள், நீங்க வராம நான் சர்ச்சுக்குள்ள போவ மாட்டேன். டாடிகிட்ட சொல்லிட்டேன்."

மாமா ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலில் இருந்த பலகையைக் கழற்றினார்.

"தம்பி, இன்னொரு தபா மெட்ராஸ் போலாம். இத்த ஒரு பக்கம் புடி."

கதவளவு பலகை அது. ரயிலில் அதற்கு இடம் பிடிக்க நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. தூதரகத்தில், பலகை கண்ணாடிக்குக் கீழே நுழையாது என்பதால் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதே அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

மாமா தன் டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் பலக உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இந்த ஆணி காலியா கீற வரைக்கும் நான் உங்க ஊர்ல கீறேன்னு அர்த்தம். வந்து நானே மாட்டுவேன்."

"வராமல் போனால்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அப்ப நீங்க ஷிஃப்ட் முடிக்க முடியாது. ஊட்டுக்குப் போவ முடியாது."

இதை மொழிபெயர்த்த கையோடு, அவர் சொல்லாத ஒன்றையும் நான் சொன்னேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்தபோது பலகையில் என் அப்பாவின் ஆணி காலியாக இருந்தது. வேறு ஷாஃப்ட் குழி வழியாக மேலே ஏறி வீட்டுக்குப் போயிருப்பார் என்றார்கள் எல்லோரும். டோக்கன் வரவில்லை என்று இந்த மனிதர் நகர மறுத்தார். இவர் நகராததால் பெர்னியும் இஞ்சினை விட்டு எழவில்லை. கடைசியில் ஆட்களை இறக்கித் தேடியபோது, காலில் பாறை விழுந்து கிடந்தார் அப்பா. இன்றைக்கும் நொண்டிக்கொண்டு கோரமண்டல் கடைத்தெரு வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிறார். அந்த பெர்னியின் மகளுக்குத்தான் கல்யாணம் என்றேன். 

அந்த அம்மா காலி ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பலகையை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பாஸ்போர்ட்டில் விசா விழுந்தது.

ரீட்டாவை ஒரு பக்கம் பெர்னி, மறுபக்கம் வேட்டி கட்டிய டோக்கன் மாமா என்று இரண்டு பேர் கை பிடித்துச் சர்ச்சுக்குள் அழைத்துப்போன போட்டோ எங்கள் லைனில் ஏறி இறங்காத வீடு இல்லை.

விசாக் கெடு முடிவதற்கு முன்பே மாமா திரும்பிவிட்டார். விமானத்தில் இருந்து இறங்கியதும் நேராகத் தூதரகம். பலகையை அந்த அம்மா தன் அறைச் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தார். மாமா டோக்கனை ஆணியில் மாட்டியதும் அங்கிருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். அந்த அம்மா யாரிடமோ கற்றுவைத்திருந்த தமிழில், "வந்தாச்சா?" என்றார். பலகையை அவரே வாசல்வரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஊரே திரண்டு வெளிநாட்டுக் கதை கேட்டது. அவரோ ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "உள்ள உடுறதுக்கு ஆயிரம் கேள்வி கேக்குறாங்க. திரும்பி வர்றப்ப இவன் நல்லபடியா கெளம்பினானான்னு பாக்க ஒருத்தன் இல்ல. போர்டும் இல்ல. இன்னா கணக்குப்பா இது?"

அடுத்த சில வருடங்களில் சுரங்கம் மூடும் பேச்சு வலுத்தது. நான் பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். பெட்டியோடு அவர் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"இன்னா, சும்மா போற? எடுத்துக்கினு போ."

அந்த டோக்கன் இதை எழுதும் மேஜையில் என் பக்கத்தில்தான் இருக்கிறது. நந்திதுர்க் லைனில் என் ஆணி காலியாக இருக்கும். தங்கை போன வாரம் போய்வந்து சொன்னாள், லைனில் எல்லோரும் தூங்கப் போன பிறகும் மாமா வாசல் கதவைச் சாத்துவதில்லையாம்.