கழிவு போக ஐம்பத்து நாலு

கொல்லிமலையில் யார் சொன்ன எடையையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தராசுக்காரர்தான். பூமி உருண்டை என்றால் சரி என்று தலையாட்டிவிடுவார். ஒரு மூட்டை நாற்பது கிலோ என்றால் மட்டும் மூக்கைச் சுருக்குவார். செம்மேட்டுச் சந்தையில் மிளகுக்கும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக்கும் எடை போடுவது அவர் வேலை. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, ஒட்டிய மண்ணுக்கு ஒரு கிலோ என்று கழித்துவிட்டுத்தான் எதையும் வாயால் சொல்வார். அதற்குக் கழிவு என்று பெயர். யாரையாவது நல்லவர் என்று புகழ்ந்தால்கூட அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார் என்று சந்தையில் கிண்டல் உண்டு.

இப்படிப்பட்டவரும் நானும் ஒரே நாளில் எடை தூக்கப் பழகச் சேர்ந்தோம். நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்தே உடம்பை வளர்த்தவன். நாற்பத்தாறு வயதில் டாக்டர் சர்க்கரையைக் காட்டி மிரட்டியதால் போனேன். அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்போடு நின்றார். வாழ்நாளெல்லாம் மூட்டைகளுக்கு நடுவே இருந்தவர் ஒரு மூட்டையைக்கூடத் தூக்கியதில்லை. தூக்குவதற்கு வேறு ஆட்கள் உண்டு. இவர் தராசு முள்ளை மட்டும் பார்ப்பார்.

ஜிம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. நாமக்கல்லில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் இளைஞர் பழைய இரும்பாகப் பார்த்து வாங்கிப் போட்டிருந்தார். அவரை மாஸ்டர் என்போம். முதல் நாள் எங்கள் இருவரையும் நிறுத்தி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். நான் சர்க்கரை என்றேன். தராசுக்காரர் யோசிக்கவே இல்லை.

"அம்பத்து நாலு கிலோ தூக்கோணும் சாமி. தூக்கிக்கிட்டு மேட்டுல நூறு எட்டு நடக்கோணும்."

"அது என்னங்க அம்பத்து நாலு?"

"எங்கூட்டுக்காரிங்க."

விஷயம் இதுதான். அவர் வீடு திண்ணனூர் நாடு என்கிற மலை ஊரில், ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டுக்கு ஏற ஒற்றையடிப் பாதைதான். அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் நடக்க முடியவில்லை. ஒருமுறை அக்கம்பக்கத்தார் நாலு பேர் போர்வையில் தூளி கட்டி அந்த அம்மாவை மேலே தூக்கி வந்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், ஆனால் வழியெல்லாம் பலாப்பழம் கனக்கிறது என்று சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, தை மாதம் ஆபரேஷன், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கட்டில்தான் என்று சொல்லியனுப்பினார். அந்த அம்மா வீட்டுக்கு வந்து படுத்ததும் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "நாலு பேரு என்னையத் தூக்கறது இனி ஒருக்காத்தான். அது எனக்குத் தெரியவும் போறதில்ல."

ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் கெஞ்சிப் பார்த்த தராசுக்காரர், நாலு பேர் வேண்டாம், நான் ஒருத்தன் தூக்கினால் வருவாயா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாராம். சரி, தூக்குங்க பார்ப்போம் என்றாராம். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவர் நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி மெஷின் காட்டியது ஐம்பத்திரண்டு. அதை இவர் நம்புவாரா? சேலைக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கழிக்காமல் கூட்டியிருந்தார்.

மாஸ்டர் அவர் கையில் கொடுத்தது நீளமான ஒரு துடைப்பக் கம்பு. எனக்கும் அதுவேதான். முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து, அந்தக் கம்பை இருபது தடவை தூக்கினோம். இரும்பைத் தொடவே விடவில்லை. மறுநாள் என்னால் பஸ் படியில் இறங்க முடியவில்லை. கண்டக்டர் முதியோருக்குச் செய்யும் மரியாதையை எனக்குச் செய்தார். சந்தையில் தராசுக்காரரின் கை தோளுக்கு மேல் எழவில்லை. குனிந்து முள்ளைப் பார்க்கவும் முடியாமல், எவ்வளவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கிழங்குக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சந்தையே பயந்துபோனது.

இரண்டாம் வாரம் இரும்பு கைக்கு வந்தது. உடனே பிரச்சினையும் வந்தது. சந்தையிலிருந்து தொங்கு தராசைத் தூக்கிவந்து கொட்டகை விட்டத்தில் மாட்டி, கம்பியில் மாட்டும் இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். பத்து என்று போட்டிருந்த தட்டு பத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. எல்லாவற்றிலும் சாக்பீஸால் சரியான எடையை எழுதிவைத்தார். மாஸ்டருக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாஸ்டரும் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துத்தான் தட்டு மாட்டினார்.

கார்த்திகை முடிவதற்குள் அவர் ஐம்பத்து நாலைத் தூக்கிவிட்டார். நான் கை தட்டினேன். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கணக்கில் சேராது என்றார்.

"ஏனுங்க?" என்றார் மாஸ்டர், பொறுமையாக.

"ரெண்டு கிலோ கழிவு சாமி. துரு இரும்புல சேராதுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். துருவைக் கழித்து, கம்பியில் ஒட்டிய வேர்வையைக் கழித்து, அவர் ஒப்புக்கொண்ட ஐம்பத்து நாலு வந்தபோது நிஜத்தில் அறுபதைத் தொட்டிருந்தார். அதே நாளில் நான் தூக்கியதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

அதன் பிறகு மாஸ்டர்தான் சொன்னார், கம்பி வேறு, மனுஷர் வேறு, மனுஷரை நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க வேண்டும் என்று. ஆகவே ஒரு கிழங்கு மூட்டை வந்தது. உரக்கடைக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்தில் தராசுக்காரர் தினமும் காலையில் அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடப்பார். லோடு லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, மூட்டையை எங்கே சேர்க்க வேண்டும், ஏற்றிக்கொள்கிறோம் என்பார்கள். சேர்க்க இல்லை, சும்மாதான் தூக்குகிறேன் என்று இவர் சொல்வார். கிளம்பும்போது அவர்கள் முகத்தில் தெரிந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை. இத்தனைக்கும் வீட்டில் அந்த அம்மா நம்பவே இல்லை. ஜிம்முக்குப் போகிறேன் என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் காலையில் நானும் மாஸ்டரும் திண்ணனூர் நாட்டுக்குப் போனோம். ரோட்டில் ஜீப் நின்றது. பாதையோரம் மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்கு இரண்டு இடத்தில் தராசுக்காரர் கல் அடுக்கிப் பலகை போட்டுவைத்திருந்தார், தரையில் இறக்காமல் இளைப்பாற. வீட்டுக்குள் அந்த அம்மா புதுச்சேலை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயம். ஏனுங்க, முடியலைன்னா விட்டுருங்க, நான் இப்படியே இருந்துக்கறேன் என்றார். இவர் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி முதுகை நிமிர்த்தி, இடுப்பைத் தள்ளி, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்.

முதல் பலகை வரை சுலபமாகப் போனது. இரண்டாவதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கடைசி ஏற்றத்தில், ரோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அவர் கால் நடுங்க ஆரம்பித்தது. மூட்டை அசையாது, இந்த அம்மா பயத்தில் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஓடினார், பின்னாலேயே நானும். அந்த அம்மா எங்களைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவர் காதோரம், "மெதுவாவே வாங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார்.

அவர் நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். ஓர் எட்டு வைத்தார். பிறகு இன்னோர் எட்டு. ஜீப் சீட்டில் அந்த அம்மாவை உட்காரவைத்துவிட்டு அப்படியே ரோட்டோரம் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, துணிப்பையை ஜீப்பில் வைக்கப் போனேன். அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பாத்தீங்கல்ல சார்? அவரு ஒருத்தரேதான் தூக்குனாரு. யாராச்சும் கேட்டா நீங்க சொல்லோணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் நானாகவே சொல்கிறேன்: பார்த்தேன். அவர் ஒருத்தரேதான் தூக்கினார்.