அறுபத்துநான்கு பக்கமும் சுழியரும்

நோர்வேக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், ‘ண’ என்ற எழுத்தின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டே நான்கு கிலோ மெலிந்தவர், எழுத்துச் சுழிகளிலேயே கிடந்ததால் நாங்கள் சுழியர் என்று கூப்பிட்ட ஒருவர்தான். ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். நான் ஐந்தாம் மாடி. இடையில் முப்பத்தாறு படிகள். பிழைப்புக்கு பஸ் ஓட்டினார். மிச்ச நேரமெல்லாம் கணினியில் தமிழ் எழுத்துரு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். நான்கு வருடமாக.

கணினியில் எழுத்து வரைவது, வளைவு நெடுகப் புள்ளிகளை ஆணிபோல் அடிப்பது. ஆணி குறைந்தால் வளைவு அழகு. அவருடைய ‘ண’ முதலில் முப்பத்தொரு புள்ளியில் நின்றது. நான்தான் எண்ணிச் சொன்னேன். அது பதினான்காகக் குறைந்த அன்று கட்டடம் முழுவதற்கும் கேக் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், “மெலிஞ்சிட்டுது” என்று மட்டும் சொன்னார். இரண்டு பேர் அவருடைய மனைவிக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

ஒருமுறை ரயிலில் என்னோடு நகரத்துக்கு வந்தார். பதினொரு நிறுத்தம். எதிரே இருந்த நோர்வேக்காரரின் காதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, அந்தக் காதைப் பாருங்கோ. ‘ஐ’க்கு நான் தேடின வளைவு அதுதான்.”

அந்த மனிதர் ஆறாவது நிறுத்தத்தில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் அவருடைய எழுத்தில் வருவதென்று முடிவானபோது சுழியர் சந்தோசத்தில் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் இடி விழுந்தது. அவருடைய எழுத்து அகலம். மலர் எழுபத்தொரு பக்கமாகப் பெருத்துவிட்டது. அறுபத்துநான்குக்கு மேல் போனால் அச்சகத்தில் தாள்களை மடித்து நடுவில் கம்பி அடித்துத் தைக்க மாட்டார்கள்.

“எழுத்தை ஒடுக்கும். இல்லாட்டி பழைய எழுத்திலை போடுவம்” என்றார் தலைவர்.

“மூச்சு முட்டும்.”

“ஆருக்கு?”

“‘ண’வுக்கு.”

எழுத்தை ஒடுக்குவதற்குப் பதிலாக, எழுதியவர்களை ஒடுக்கப் புறப்பட்டார் சுழியர். அம்மருட்டிலும் லோறென்ஸ்கூக்கிலும் வீடு வீடாக ஏறினார். தலைவரின் வாழ்த்துச்செய்தியில் ‘பெருமகிழ்ச்சி’ ஆறு இடத்தில் இருந்தது, நான்கைக் கழற்றினார். பனியைப் பற்றி ஒன்பது கவிதை தந்தவரிடம், “தம்பி, இரண்டுதரம் பெய்தால் காணும்” என்றாராம்.

கடைசியாக என் கதவைத் தட்டினார். என்னுடையது ஒஸ்லோ பஸ் நிறுத்தங்களில் ஆட்கள் உட்காரும் வாங்குகளைப் பற்றிய கட்டுரை.

“அண்ணை, பதினேழு வரி மட்டும் எடுத்தால் சரிவந்திடும்.”

“நான் எண்ணின வாங்கு ஒவ்வொண்டும் அதிலை இருக்கு. எதை எடுக்கச் சொல்லுறீர்?”

“ஓம், எடுக்கேலாதுதான்” என்று சொல்லி இறங்கிப் போனார். ஒருவருடைய நான்கு வருட வேலை என் பதினேழு வரியில் தொங்குகிறதே என்று இரண்டு நாள் கட்டுரையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனாலும் வெட்டவில்லை.

மலர் வந்தது. சுழியரின் எழுத்தில்தான். அறுபத்துநான்கு பக்கம், இரண்டுதரம் எண்ணினேன். என் வாங்குகளில் ஒன்றும் குறையவில்லை. கடைசிப் பக்கத்தில்தான் ஏதோ குறைந்தது. இந்த எழுத்தை யார் வரைந்தார், எப்படி வரைந்தார் என்று சுழியர் எழுதிய குறிப்பு அங்கே வரவேண்டியது. பிழை பார்த்துக் கொடுத்தவன் நான். சரியாகப் பதினேழு வரி. அதைக் காணவில்லை.

முப்பத்தாறு படியும் இறங்கினேன்.

“உம்மடை குறிப்பு எங்கை?”

“அதிலை வாங்கு ஒண்டும் இல்லையே, அண்ணை.”

இந்த வருட மலருக்கு என் கட்டுரையைப் பதினேழு வரி குறைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் போன மலரில் விடுபட்ட குறிப்பைப் போடுவதற்காக, அவருடைய உண்மையான பெயரை அவர் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.