சேஃப்டி சாரின் நீல ஏணி

சேஃப்டி சார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். விரிசல் விட்ட வீட்டு ஏணியைத் தானே பழுது பார்க்கப் போகிறார். அதே ஏணியில் ஏறி, மனைவியின் புதுத் தையல் கடைக்குத் தன் கையாலேயே போர்டு மாட்டப் போகிறார். அதை அவளுடைய அண்ணன் கீழே நின்று வாயைப் பிளந்து பார்க்கப் போகிறார்.

இதில் கடைசிதான் முக்கியம். பழைய சாமான் கடையிலிருந்து அந்த மர ஏணியை அவர் தோளில் சுமந்து வந்த நாளில், "மாப்பிள்ளை, ஏணி வாங்கினீங்களா, விறகு வாங்கினீங்களா?" என்று கேட்டவர் அந்த மைத்துனர். "இதுல ஏறித்தான் உங்க தங்கச்சி கடைக்குப் போர்டு மாட்டப் போறேன், வந்து பாருங்க" என்று சாரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். சொன்ன வாரமே பரணில் ஏற்றுகிறேன் பேர்வழி என்று அதை வாசல் கல்லில் போட்டார்.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஏணி லேசா சாஞ்சுது."

"லேசாவா? தெருக்கோடி நாய் வரைக்கும் குலைக்குதே!"

தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும் அவர் மனைவி, கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். ஏணியின் மேல் விரலை ஓட்டினாள்.

"படி உடைஞ்சிருந்தா மாத்திக்கலாம். இது பக்கக் கட்டைங்க."

"தலைமுடி மாதிரி ஒரு கீறல். அவ்வளவுதான்."

"என் நகம் உள்ள போகுதே?"

"உன் நகம் கூர்."

சேஃப்டி சார் டப்பா தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஊரில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவரே கிழிகிழியென்று கிழித்திருப்பார். பக்கக் கட்டையில் விரிசல் கண்டால் ஏணிக்கு வைத்தியமே கிடையாது, சிவப்புச் சீட்டு கட்டு, இரண்டாக அறுத்துப் போடு, குப்பையிலிருந்துகூட எவனும் எடுத்து ஏறக்கூடாது என்பது தொழிற்சாலையில் அவர் போட்ட சட்டம். மர ஏணிக்குப் பெயிண்ட் அடித்தவனை அரைநாள் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். பெயிண்ட் விரிசலை மறைத்துவிடுமாம். இதையெல்லாம் தினமும் சாப்பிடும்போது மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பாள். இதற்குச் சுவரோடு பேசலாம் என்று சாருக்கு நெடுநாள் வருத்தம்.

"உங்க தொழிற்சாலையில இதுக்கு என்ன செய்வீங்க?"

"தொழிற்சாலை வேற, வீடு வேற. அங்க நாள் பூரா ஆளுங்க ஏறுவாங்க. இங்க ஒரே ஆள், ஒரே தடவை."

"அந்த ஒரு ஆள் எத்தனை கிலோ?"

"அது இப்ப எதுக்கு?"

"போர்டு எழுதறவர்கிட்ட சொன்னா அவரே மாட்டிக் குடுப்பாருங்க."

"உங்கண்ணன்கிட்ட வாய விட்டுட்டேன்ல! என் மானம் என்னாகும்?"

டெய்லரம்மா ஏணியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சண்டை வரும் என்று சார் இடுப்பில் கை வைத்துத் தயாரானார். வரவில்லை.

"சரி. பெயிண்ட் அடிக்கறதா இருந்தா நீலமா அடிங்க" என்றாள்.

சாருக்கு வாயெல்லாம் பல். விரிசலை எப்படி மறைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு வழியை அவளே காட்டிவிட்டாள்! வேலை விட்டு வந்ததும் கைலிக்கு மாறி ஏணியோடு உட்கார்ந்தார். விரிசலில் பசையை ஊற்றினார். பட்டி வைத்துத் தேய்த்தார். அதன்மேல் நீலத்தைப் பூசினார். அவர் நினைத்தது போலவே விரிசல் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் டெய்லரம்மாவின் மேற்பார்வை மட்டும் ஓயவில்லை.

"இந்தப் படி சொரசொரன்னு இருக்குங்க. துணி மாட்டிக்கும்."

"யார் துணி?"

"ஏறுறவங்க துணிதான். வேற யார் துணி?"

நியாயம்தானே என்று மறுபடி உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். மனைவி இவ்வளவு அக்கறை காட்டியதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

கடை திறக்கும் காலையில் மைத்துனர் வந்து இறங்கினார். நீல ஏணி கடை வாசல் சுவரில் சாய்ந்து பளபளத்தது. "பார்த்தீங்களா விறகை?" என்று கேட்கச் சார் வாயைத் திறந்தார். அதற்குள் டெய்லரம்மா போர்டை இடுக்கிக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, முதல் படியில் காலை வைத்தாள்.

"நீ எதுக்கு?"

"என் கடை, என் போர்டு. நானே மாட்டறேன்."

"வேணாம், இறங்கு."

"ஏங்க? கல்லு மாதிரி இருக்குன்னு நேத்துகூட சொன்னீங்களே. உங்களத் தாங்குற ஏணி என்னத் தாங்காதா?"

இன்னொரு காலும் தரையை விட்டது. பட்டியும் பசையும் பெயிண்டும் சாரின் கண்முன்னே உரிந்து, அந்த விரிசல் மட்டும் வாயைப் பிளந்து நின்றது.

"இறங்குன்னா இறங்குடி!"

பாய்ந்து அவளை அப்படியே தூக்கித் தரையில் நிறுத்தினார். மைத்துனர் பார்க்கிறார் என்ற நினைப்பே இல்லை.

"அது தாங்காது. எனக்குத் தெரியும். நான் விழுந்தா போகுது. நீ விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க விழுந்தா மட்டும் நான் என்ன பண்ணுவேனாம்?"

டெய்லரம்மா அளவு நாடாவுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து ஏணியில் கட்டினாள். அவருடைய ஆபீஸ் பையில் இருந்த சீட்டு. கூடவே அவருடைய ரம்பத்தையும் நீட்டினாள்.

"ரெண்டா அறுக்கணும். அதானே உங்க சட்டம்?"

சார் அறுத்தார். சொந்தச் சட்டத்தை மீற முடியுமா? ரம்பம் விரிசலைத் தொட்டதும் கட்டை தானாகவே பிளந்துகொண்டது. உள்ளே அரைக் கட்டைக்கு மேல் ஓடியிருந்தது விரிசல். கேலி பேச வந்த மைத்துனர் குனிந்து விரிசலைத் தடவிப் பார்த்தார். "நல்லவேளை மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி அவர் தோளைத் தட்டினார்.

அப்போது போர்டு எழுதுபவர் சைக்கிளில் இரும்பு ஏணியோடு வந்து சேர்ந்தார். டெய்லரம்மா இந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்லியிருந்தாராம்.

"ஏணிய கீழ பிடிக்க ஒரு ஆள் நிக்கணும். அதுவும் நீங்க சொன்னதுதான்" என்றாள் டெய்லரம்மா. சார் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். போர்டு ஏறியது. நேராகவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கை தட்டினார்கள், சாரும் ஏணியை விடாமல் சிரித்தார்.

கடைக்குள் நுழைந்தவர் திகைத்து நின்றார். அவர் வெளியே இரும்பு ஏணியைப் பிடித்த நேரத்தில் மைத்துனர் நீல ஏணியின் இரண்டு பாதிகளையும் சுவரில் படுக்கை வசமாக மாட்டியிருந்தார். வழவழவென்று அவர் தேய்த்த படிகளில் கவுன்களும் சட்டைகளும் வரிசையாகத் தொங்கின. ஒன்றுகூட மாட்டிக் கிழியவில்லை. முதலில் வந்த பெண்மணி துணியை விட்டுவிட்டு, "இந்த ஸ்டாண்டு எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

சாரின் கண் ஜன்னல் திரைக்குப் போனது. ஏணியின் நீலம் அப்படியே அதில் இருந்தது. பெயிண்ட் அடிக்கும் முன்பிருந்தே அந்தத் திரை தொங்குவது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஏய், இது ஏணி விழுந்த மறுநாள் தைச்ச திரையாச்சே? அப்போ அன்னைக்கே நீ முடிவு பண்ணிட்டியா?"

டெய்லரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்" என்றாள்.