போகிற மெயிலை மறிக்காதவர்

மன்னார்த் தீவில் ஸ்டார்ட்டர் அண்ணையிடம் அடி வாங்காமல் உயிர் பெற்ற கொம்பியூட்டர் ஒன்றுகூட இல்லை. படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்த மனிதர் எப்போது கொம்பியூட்டருக்குத் தாவினார் என்று பேசாலையில் யாருக்கும் தெரியாது. திரை வரச் சற்றுச் சுணங்கினால், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுக்கப் போகிறவர் மாதிரி ஒரு காலை மேசையில் ஊன்றிக்கொள்வார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

நான் அப்போது பேசாலைக் கருவாட்டுச் சங்கத்தில் கிளாக்கர். புதிதாக வந்த கொம்பியூட்டரில் சங்கத்தின் மின்னஞ்சலை ஏற்றித் தர அண்ணையைக் கூப்பிட்டோம். வந்தவர் முதலில் கேட்டது பாஸ்வேர்டை அல்ல, மெழுகுதிரியை.

"புது வள்ளத்தை மந்திரிக்காமல் கடல்ல இறக்குவியளோ?"

ஒன்றைத் தேடி எடுத்துக் கொளுத்தினேன். பெயர், முகவரி, பாஸ்வேர்ட் எல்லாம் தட்டினார். பழைய மெயில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. எல்லோரும் சந்தோஷமாகப் பிளேன்ரீ குடித்தோம்.

மறுநாள் காலை கொழும்பு முதலாளியிடமிருந்து மெயில் வந்தது. லொறி மன்னார் டவுனில் நிற்கிறதாம். சரக்குத் தயார் என்று மத்தியானத்துக்குள் சங்கத்து மெயிலில் எழுதி அனுப்பாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுமாம். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பதில் எழுதி, அனுப்புகிற பட்டனை அமத்தினேன். அது போகவில்லை. திரும்பத் திரும்ப அமத்தியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அண்ணையைக் கூப்பிட்டுவிட்டு செட்டிங்ஸைத் திறந்தேன். வருகிற மெயிலுக்கான சேர்வர் பெயர் இருந்தது. போகிற மெயிலுக்கான கட்டம் வெறுமை. அண்ணை வந்து சேர்ந்ததும் காட்டினேன்.

"அண்ணை, இதை ஏன் நிரப்பேல்ல?"

"அது போற மெயில் எங்கால போகுது எண்டு கேக்குது தம்பி. கடலுக்குப் போறவனை மறிச்சு, எங்க போறாய் எண்டு ஆராவது கேப்பினமோ? போன காரியம் சரிவராது."

"அப்ப கோயில் ஃபாதருக்கு மெயில் பூட்டிக் குடுத்ததும் இப்பிடித்தானோ?"

"ஓம். மெயில் போகேல்ல எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லையே."

பாவம் ஃபாதர், அதையும் மெயிலில்தான் சொல்லியிருப்பார்.

கருவாடு காயப்போடும் செபமாலை அக்கா வாசலில் வந்து நின்றா. "லொறி வருமோ தம்பி? மழை பிடிச்சா எங்கட கருவாடு முழுக்கப் புழுத்துப் போகும்."

அண்ணை அவவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நான் வெளியில நிக்கிறன். நீங்களே நிரப்புங்கோ" என்று போய், கடலைப் பார்த்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். நான் தட்டுகிற சத்தம் காதில் விழுந்தால் அவரும் மறித்துக் கேட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

சங்கத்துக்குப் பாஸ்வேர்ட் எழுதி வந்த தாளிலேயே போகிற மெயிலின் சேர்வர் பெயரும் இருந்தது. நிரப்பி அமத்தினேன், மெயில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் லொறி வெளிக்கிட்டது என்று பதிலும் வந்தது. கடைசி மூட்டையை ஏற்றி, மேலே மழைக்குப் படங்கு மூடிக் கட்டிய பிறகுதான் முதல் துளி விழுந்தது.

"பாத்தியளோ, மெழுகுதிரி கொளுத்தின பலன்" என்றார் அண்ணை.

பிறகு எனக்குப் பெரியமடுப் பக்கம் வேலை கிடைத்தது. பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது ஊர் முழுக்க எங்கே, எதற்கு என்று விசாரித்தது. அண்ணை மட்டும் கேட்கவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, "இறங்கினோடன ஒரு மெயில் போடுங்கோ" என்றார்.

இன்றைக்கும் எந்த ஊரில் இறங்கினாலும், "வந்து சேந்திட்டன் அண்ணை" என்று முதல் மெயில் அவருக்குத்தான். பதில் வராது. அவருடைய கொம்பியூட்டரில் போகிற மெயிலுக்கான கட்டம் இன்னும் வெறுமைதான். ஆனாலும் அவருக்கு அதைப் போடாமல் எனக்கு நித்திரை வராது.