குள்ளன் கோட்டைக்குள் போன ஞாயிற்றுக்கிழமை

"அண்ணா, ரெண்டு கண்ணையும் மூடிக்குங்ண்ணா" என்றான் மோகன்குமார்.

காளிதாஸ் மூடவில்லை. துண்டுக் கம்பெனி குடோனில் நின்று, மதியம் லாரி ஏற வேண்டிய பேல் மூட்டைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் நாற்பத்தேழுக்குப் பிறகு நாற்பத்தொன்பது வந்துவிடும்.

"சும்மா காட்டுடா."

மோகன்குமார் பையிலிருந்து ஒரு கேம் செட்டை எடுத்தான். கையில் வைத்து விளையாடுவது. இரண்டு பக்கமும் பித்தான்கள், நடுவில் பளபளவென்று திரை. திரையில் முதுகில் மூட்டையோடு ஒரு குள்ளன், கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

காளிதாஸ் கையிலிருந்த மார்க்கர் பேனா கீழே விழுந்து உருண்டது.

"டேய், நம்ம குள்ளன்!"

"குள்ளனேதானுங்ண்ணா! புதுசாப் பண்ணி உட்டிருக்கறாங்க. அதே எட்டுக் கட்டம், அதே பாட்டு. நான் ஆறாவது வரைக்கும் போயிட்டேன். ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு எடுத்துட்டு வாரேன். அன்னைக்கு எட்டாவது கட்டத்த எப்புடி முடிச்சீங்கன்னு இந்தக் கண்ணால பாக்கோணும்."

காளிதாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டாமல் நழுவியது.

குமாரபாளையத்தில் அவர்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு வீடியோ கேம் பெட்டிதான். அது காளிதாஸ் வீட்டில் இருந்தது. கேசட் மேல் ஏதோ ஜப்பான் எழுத்து. அதனால் தெருவே கூடி 'கோட்டைக் குள்ளன்' என்று பெயர் வைத்தது. அப்போது காளிதாசுக்கும் மோகன்குமாருக்கும் பதின்மூன்று வயது. துல்லியமாகச் சொன்னால் மோகன்குமார் ஒன்பது மாதம் மூத்தவன். "நீ எட்டாவது கட்டத்த முடிக்க மாட்டடா. முடிச்சீனா சாகறமுட்டும் உன்னய அண்ணான்னு கூப்புடறேன்" என்று ஒரு நாள் அவன் வாயை விட்டான்.

காளிதாஸ் முடித்தான். மோகன்குமார் கூப்பிட்டான். இருபத்தாறு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

கூப்பிட்ட வாய் சும்மா இருக்குமா? அது வளர்ந்தது. மோகன்குமார் கல்யாணத்தில் மணமகனின் அண்ணனாக காளிதாசுக்குத்தான் மாலை. மோகன்குமார் மனைவி மோனிஷா, காளிதாஸ் மனைவி தனப்பிரியாவை "அக்கா" என்றாள். பிள்ளைகள் "பெரியப்பா" என்றார்கள். ஒரு குடும்பத்தின் மொத்த மரியாதையும் அந்தக் குள்ளன் முதுகு மூட்டையில் இருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். காளிதாஸ் எட்டாவது கட்டத்தை முடிக்கவே இல்லை.

அந்தப் பெட்டியில் ஆட்டத்தைப் பாதியில் சேமிக்க வழி கிடையாது. பெட்டியை அணைத்தால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் எட்டாவது கட்டம் வந்ததும் அப்படியே நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்து, சூடாகும் அடாப்டர் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூன்று நாள் காவல் காத்தான். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று வீட்டில் ஆளுக்கொரு புளுகு சொல்லிவைத்தான். அப்பாவிடம் ஷாக் அடிக்கும் என்றான். "அந்தக் கருமத்த எப்பக் கழட்டுவ?" என்று கேட்ட அம்மாவிடம், "குள்ளன் கோட்டைக்குள்ள போனாத்தாம்மா கழட்டலாம். நடுவுல புடுங்குனா டிவி வெடிச்சிரும்" என்றான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டியூஷனில் பரீட்சை. முடிந்து மோகன்குமாரோடு வீட்டுக்கு வந்தால், டிவி ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக் கதவு திறந்திருந்தது. ராணி பூத் தூவினாள். குள்ளன் உள்ளே கைகட்டி நின்றான்.

மோகன்குமார் வாயைப் பிளந்தான். "எப்படா முடிச்ச?"

காளிதாசுக்கும் அதே கேள்விதான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "டியூஷனுக்கு வர்றதுக்கு முன்னாடியே. நீ பாக்கோணும்னுதான் அப்புடியே வெச்சுட்டு வந்தேன்."

வோல்டேஜ் ஏறி இறங்கியதில் தானாகத் தாவியிருக்கும் என்று அவன் முடிவு செய்துகொண்டான். அந்தக் கரண்டு என்னதான் செய்யாது?

மோகன்குமார் புது செட்டைக் காட்டிய அன்று சாயங்காலம் தனப்பிரியாவிடம் நைசாக ஆரம்பித்தான்.

"அம்மிணி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நான் முடிக்கலீன்னா என்னாகும்?"

தோசைக் கரண்டி நின்றது. "ஏனுங்க, எதுக்கு முடிக்காம?"

"ஒரு பேச்சுக்கு."

"மோகன் தம்பி உங்களுக்கு அண்ணனாயிருவாரு. நான் மோனிஷாவ அக்கான்னு கூப்புடோணும். அவளுக்கு என்னய விட ரெண்டு வயசு அதிகம்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பதினாலு வருசமா அவ வாயில அக்கா அக்கான்னு வாங்கீட்டு, இப்ப நான் போயி..." தோசையைத் திருப்பினாள். "தோத்தீங்கன்னா இந்த ஊட்டுல இருக்காதீங்க."

மறுநாள் காலை காளிதாஸ் வலது கட்டைவிரலில் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டான். பேல் விழுந்து நசுங்கிவிட்டது என்றான். கட்டைவிரல் இல்லாமல் குள்ளனை எப்படி ஆட்டுவது?

கம்பெனி வாசலில் வருகைப் பதிவு மிஷின் கேட்டது அதே கட்டைவிரலைத்தான். கட்டோடு வைத்தான். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தான். சிவப்பு. இரண்டு நாள் சிவப்பு.

மேனேஜர் கூப்பிட்டார். "காளிதாசு, ஒன்னு கட்ட அவுத்துரு, இல்லாட்டி லீவு எழுதிக் குடு. மிஷினப் பொறுத்தவரைக்கும் நீ கம்பெனிக்கே வரல."

அவிழ்த்தான். விரல் தக்காளி மாதிரி சௌக்கியமாக இருந்தது. மேனேஜர் விரலையும் பார்த்தார், அவனையும் பார்த்தார்.

விரல் நசுங்கிய சேதி கேட்ட மோகன்குமாரோ பதறிவிட்டான். "விரலுக்கு என்னங்ண்ணா அவசரம், நல்லா ஆறட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம வெச்சுக்கலாம். அதுவும் நல்லதுக்குத்தான். நம்ம பழைய செட்டு பசங்க அத்தன பேத்தையும் வரச் சொல்லிர்றேன். பவானியிலிருந்து பயாஸ் வாரான், வெண்ணந்தூருல இருந்து முருகானந்தம் வாரான்."

ஒருத்தன் பார்க்க வேண்டியதை இப்போது பதினோரு பேர் பார்க்கப்போகிறார்கள்.

"அப்புடின்னா செட்ட எங்கிட்டக் குடு" என்றான் காளிதாஸ். "கை பழகோணுமில்ல."

சாப்பாட்டு இடைவேளைகளில் பேல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகினான். ஒன்று சொல்ல வேண்டும், அவனுக்கு அது பிடித்திருந்தது. பழைய டிவியில் மேகம் என்று நினைத்திருந்தது உண்மையில் கொக்கு. இரண்டாவது கட்டத்தில் மிதித்து மிதித்துப் போன பச்சைத் திட்டெல்லாம் ஆமைகள். ஒவ்வொன்றும் இப்போது கழுத்தை நீட்டி அவனை முறைத்தது. ஆனால் பாட்டு அதே பாட்டு. அது தொடங்கியதும் விரல்கள் அவனைக் கேட்காமலே தாவின. மூன்றாவது கட்டத்தில் சுவருக்குள் ஒளிந்திருக்கும் பழத்தை மூளை மறந்திருந்தது, விரல் மறக்கவில்லை. சோற்றுப் போசியைத் திறக்க மறந்து தனியாகச் சிரித்தான்.

ஏழு கட்டம் வரை ராஜா. எட்டாவதில் அதே பழைய கிணறு. மேலே ஒரு சங்கிலி தொங்கும், கீழே ஒரு பலகை இப்படியும் அப்படியும் ஓடும். சங்கிலியைப் பிடித்தால் அறுந்தது. பலகைக்குக் குதித்தால் பலகை அந்தப் பக்கம் போனது. விழுந்தான். விழுந்தான். விழுந்துகொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமைதான் திரை மூலையில் ஒரு சின்ன மண்டையோட்டைக் கவனித்தான். பக்கத்தில் 412 என்று இருந்தது. புது ஆட்டம் கணக்கு வைக்கிறது! எத்தனை முறை செத்தான் என்று குள்ளனே எழுதிவைக்கிறான்.

மோகன்குமார் இதைப் பார்த்தால் தீர்ந்தது. காளிதாஸ் அவசரமாக அழிக்கும் இடத்தைத் தேடினான். 'அழிக்கவா?' என்ற மாதிரி என்னவோ கேட்டது. ஆமாம் என்றான். மறுபடி கேட்டது. ஆமாம்டா என்று அமுக்கினான்.

412 போனது. கூடவே மோகன்குமார் மூன்று வாரம் பாடுபட்டு ஆடி வைத்திருந்த ஆறு கட்டமும் போனது.

அன்று மாலை செட்டை வாங்க வந்த மோகன்குமார் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "அண்ணா, என்ற ஆட்டத்தக் காணமுங்ண்ணா?"

காளிதாஸ் நாக்கு முந்திக்கொண்டது. "அது வந்துடா... கடைசிக் கட்டத்த முடிச்சா எல்லாம் தானா அழிஞ்சு மொதல்லருந்து வருமாட்ட இருக்குது."

மோகன்குமார் கண்கள் விரிந்தன. "அப்ப இதையும் முடிச்சுட்டீங்களா!"

காளிதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். இந்த முறை யாரும் சொல்லாமலே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மோனிஷா ஒரு அண்டா பிரியாணியோடு வந்தாள். "அக்கா, சூடு ஆறறதுக்குள்ள போடுங்க்கா" என்றாள். தனப்பிரியா 'அக்கா'வை இரண்டு காதாலும் வாங்கிக்கொண்டு, காளிதாசைப் பார்த்து ஒரு பார்வை வைத்தாள். செட்டை டிவியில் மாட்டினார்கள். பதினோரு பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். காளிதாசின் அம்மா மாரியாயி சுவரோரமாக முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதாகியும், விசைத்தறியில் இருபது வருஷம் இரண்டு தறி ஓட்டிய கை சும்மா இருக்காது.

"இன்னுமா இந்தக் கருமம்?" என்றார் டிவியைப் பார்த்து.

"அம்மா, இதுதான் உங்க பையனுக்குப் பேரு வாங்கிக் குடுத்ததுங்கம்மா" என்றான் மோகன்குமார்.

"ஆமா, பரீட்சையிலதான் காணோம்."

காளிதாஸ் ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. சுவருக்குள்ளிருந்து பழத்தை எடுத்தபோது பயாஸ் விசில் அடித்தான். ஐந்தாவது கட்டத்துப் பாம்பை ஒரே தாவலில் தாண்டியதும் முருகானந்தம் எழுந்தே நின்றுவிட்டான். "மாப்பள, கையாடா இது!" மோகன்குமார், அண்ணன் பெருமை தாங்காமல், எல்லாருக்கும் ரெண்டாம் முறை பிரியாணி வைத்தான்.

எட்டாவது கட்டம் வந்தது.

விழுந்தான்.

"பரவால்லீங்ண்ணா."

விழுந்தான்.

"கை வேர்க்குதாட்ட. தொடச்சுக்குங்ண்ணா."

ஒன்பதாவது முறையும் விழுந்தான். மோகன்குமார் முகத்தில் பெருமை இறங்கி அங்கே வேறு ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. காளிதாஸ் செட்டைக் கீழே வைத்தான்.

"மோகனு, நான் முடிக்கலடா."

"சித்த நேரம் ஆச்சுன்னா முடிச்சுருவீங்..."

"அன்னைக்கும் முடிக்கல. டியூஷன் போயிட்டு வந்து பாத்தா தானா முடிஞ்சு கெடந்துது. கரண்டுலதான் என்னமோ ஆயிருக்கோணும். நீ கேட்ட. நான் ஆமான்னுட்டேன்."

மோகன்குமார் பாயிலிருந்து எழுந்து நின்றான்.

"இருவத்தாறு வருசம்" என்றான். "என்ற கல்யாணத்துல உனக்கு மாலை போட்டேன். உனக்குச் சளி புடிச்சா நான் கஷாயம் கொண்டாந்தேன். மேடு ஏறறப்ப உன்னய முன்னாடி வுட்டுப் பின்னாடி நடந்தேன்." ங்ண்ணா காணாமல் போயிருந்ததை எல்லாரும் கவனித்தார்கள். "செரி. கூப்புடு."

"எப்புடி?"

"அண்ணான்னு கூப்புடு. ஒம்போது மாசம் மூத்தவன்."

மோனிஷா தனப்பிரியா பக்கம் திரும்பி, கழுத்துச் சங்கிலியை நேராக எடுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

காளிதாஸ் தொண்டையைச் செருமினான். "அண்..."

"ஒரு நிமிசமுங்க!" தனப்பிரியா குறுக்கே வந்தாள். "பந்தயம் வயசுக்கா போட்டீங்க? முடிச்சவந்தான அண்ணன்? மோகன் தம்பி முடிச்சுக் காட்டட்டும். அப்பறம் நாங்க வாய் நெறையக் கூப்புடறோம்."

பாயில் ஒரு முணுமுணுப்பு. நியாயம்தான் என்றான் பயாஸ். பஞ்சாயத்து அதோடு முடிந்தது.

மோகன்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டு செட்டை எடுத்தான். குள்ளன் கிணற்றோரம் நின்றான். மோகன்குமார் சங்கிலியைப் பிடித்தான். அறுந்தது. மறுபடி சங்கிலி. மறுபடி அறுந்தது. பலகைக்குக் குதித்தான். பலகை போய்விட்டிருந்தது.

மாரியாயி முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏஞ்சாமி, அந்தச் சங்கிலியத் தொடாத, அது அந்துரும், பலகை தறியில குறுக்க ஓடற நாடாவாட்ட அந்தக் கோடிக்குப் போயித் திரும்பறப்பக் குதிக்கோணும். அன்னைக்கு டிவில ஞாயித்துக்கெழமப் படம் போடறதுக்குள்ள அந்தப் பொட்டியக் கழட்டோணுமேன்னு நானும் பதினோரு தடவ உளுந்துதான் அவனக் கோட்டைக்குள்ள அனுப்புனேன்."